கட்டப்படாத விமானங்களின் மாதிரிகள்

வரைபடத்தோடு நின்றுபோன சோதனை விமானங்களைக் குறிப்பிட்ட விகிதத்தில் சுருக்கிச் செய்யும் உருவங்கள். சில, வடிவம் பறக்குமா என்று சோதிக்கச் செய்யப்பட்டவை. சில, பணம் தருவோரை இணங்க வைக்க. இன்று கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை சேகரிப்போருக்கானவை.

இவற்றின் வரலாற்றை வில்லியம் ஹென்சனிலிருந்து தொடங்கலாம். 150 அடி இறக்கை கொண்ட நீராவி விமானம் ஒன்றுக்கு அவர் 1842-இல் இங்கிலாந்தில் காப்புரிமை கோரினார். அந்த விமானம் எகிப்தியப் பிரமிடுகளுக்கு மேல் பறப்பதாகப் படங்கள் அச்சிட்டுப் பரப்பியும் முதலீடு திரளவில்லை. ஜான் ஸ்ட்ரிங்ஃபெல்லோவுடன் சேர்ந்து சுமார் 20 அடி இறக்கையுள்ள மாதிரி ஒன்றைச் செய்து பார்த்தார். எஞ்சினின் வலு போதாமல் அதுவும் எழும்பவில்லை. ஆனாலும் அசையா இறக்கை, சுழல்விசிறி, வால், சக்கரங்கள் என விமானத்தின் அமைப்பு அதிலேயே தெளிவாக இருந்தது. தோல்வியுற்ற மாதிரிகளுள் இதற்கே முதலிடம் தரவேண்டும்.

இத்துறையில் அதிகம் பேசப்படுவது ஜெர்மனியின் ஃபோக்கே-வுல்ஃப் நிறுவனம் 1944-இல் வடிவமைத்த ட்ரீப்ஃப்ளூகல். வாலை ஊன்றி நிமிர்ந்து நிற்கும் இதன் உடலைச் சுற்றி மூன்று இறக்கைகள் சுழலும். ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு ரேம்ஜெட் எஞ்சின். உந்துவிசை இறக்கை முனையிலேயே பிறப்பதால், ஹெலிகாப்டரைப் போல உடல் எதிர்த்திசையில் திரும்பிவிடும் சிக்கல் இதில் குறைவு. நின்ற நிலையில் ரேம்ஜெட் இயங்காது என்பதால், முதல் சுழற்சிக்குச் சிறு ராக்கெட்டுகள் திட்டமிடப்பட்டன. தரையிறக்கம்தான் உண்மையான ஆபத்து: விமானி முதுகுப்புறமாகக் கீழே இறங்க வேண்டும். காற்றுச் சுரங்கத்தில் மாதிரி சோதிக்கப்பட்டதோடு போர் முடிந்தது, விமானம் உருவாகவில்லை. இப்போது 1/72, 1/48, 1/35 அளவுகளில் இதன் பிளாஸ்டிக் கிட்டுகள் வந்துள்ளன. 1/72 என்றால் ஆறு அடிக்கு ஓர் அங்குலம்.

அமெரிக்காவின் போயிங் 2707 முழு அளவு மாதிரி வரை போனது. ஒலியைப் போல 2.7 மடங்கு வேகத்துக்காகத் திட்டமிடப்பட்ட இந்தப் பயணிகள் விமானம் 1966 இறுதியில் அரசின் தேர்வைப் பெற்றது. முன்பின் நகரும் இறக்கை எடையைக் கூட்டியதால் கைவிடப்பட்டு, முக்கோண இறக்கை வந்தது. 1971-இல் அமெரிக்க நாடாளுமன்றம் நிதியை நிறுத்தியது. முழு அளவு மாதிரி விற்கப்பட்டு ஃபுளோரிடாவில் ஒரு கட்டடத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. அந்தக் கட்டடம் பின்னர் தேவாலயமானபோதும் மாதிரி சில காலம் உள்ளேயே இருந்தது. அதன் முன்பகுதி பின்னாளில் சியாட்டில் விமான அருங்காட்சியகத்துக்குத் திரும்பியது.

இன்றைய கிட்டுகளை எச்சரிக்கையோடு அணுக வேண்டும். படைப்பிரிவு எண், போர்க்கால வண்ணப்பூச்சு, ஆணித்தடம் ஆகியவை தயாரிப்பாளரின் ஊகம். பறக்காத விமானத்துக்கு அவை இருந்திருக்க வழியில்லை. மூல வரைபடத்தில் உள்ளது எது, தாம் சேர்த்தது எது என்று பெட்டியிலேயே பிரித்துச் சொல்லும் கிட்டை மட்டுமே வரலாற்றுச் சான்றுக்கு அருகில் வைக்கலாம்.