கீறலுக்கு ஒரு விலை

கவுண்டர் ஸ்ட்ரைக் என்ற கணினி ஆட்டத்தை ஆடுபவர்களிடம் ஏடபிள்யூபி துப்பாக்கிக்குத் தனி மரியாதை உண்டு. மார்பில் ஒரு குண்டு பட்டால் போதும், எதிரி காலி. அந்தத் துப்பாக்கிக்கு 2014 பிப்ரவரியில் ‘ஆஸிமோவ்’ என்ற ஸ்கின் வந்தது. வெள்ளை, ஆரஞ்சு, கறுப்பு என மூன்று நிறங்களில் எதிர்காலத்து ஆயுதம் மாதிரியான பூச்சு. இன்று அதை வாங்க நினைப்பவர் விற்பவரிடம் கேட்கும் முதல் கேள்வி, “ஃப்ளோட் எவ்வளவு?” என்பதுதான். ஃப்ளோட் என்பது 0-க்கும் 1-க்கும் இடையே உள்ள ஒரு தசம எண். பெயிண்ட் எந்த அளவுக்கு உரிந்திருக்கிறது என்று அது சொல்லும். அந்த எண்ணால் சுடும் வேகமோ குறியோ இம்மியும் மாறாது. விலை மாறும்.

இந்த வியாபாரம் துப்பாக்கியில் தொடங்கவில்லை, தொப்பியில் தொடங்கியது. கவுண்டர் ஸ்ட்ரைக்கை நடத்தும் அமெரிக்க நிறுவனமான வால்வ், 2009 மே மாதம் டீம் ஃபோர்ட்ரஸ் 2 என்ற தன் இன்னொரு ஆட்டத்தில் தொப்பிகளை இறக்கியது. ஆட்டத்தில் அவற்றால் ஒரு பயனும் கிடையாது. ஆனாலும் ஆட்கள் அவற்றுக்காக மணிக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். 2010 செப்டம்பரில் ஆட்டத்துக்குள்ளேயே கடை திறந்தபோது, அதற்கு முன்பே பலர் சேர்த்து வைத்திருந்த பொருள்களுக்கு ‘விண்டேஜ்’ என்ற முத்திரை கிடைத்தது. பொருள் அதேதான், ஆனால் பழையது என்ற பெயருக்கே கூடுதல் மதிப்பு வந்துவிட்டது. 2012-இல் இந்தப் பொருளாதாரத்தை ஆராய யானிஸ் வரூஃபாகிஸ் என்ற கிரேக்கப் பொருளியலாளரை வால்வ் அமர்த்திக்கொண்டது. மூன்று ஆண்டு கழித்து கிரேக்க நாட்டின் நிதியமைச்சராகி, ஐரோப்பியக் கடன்காரர்களோடு மல்லுக்கு நின்றவர் அவர்தான். அதே 2012 டிசம்பரில் வால்வின் இணைய ஆட்டக் கடையான ஸ்டீமில் ‘ஸ்டீம் சந்தை’யும் திறந்தது. ஆடுபவர்கள் தங்களுக்குள் பொருளை விற்று, அந்தப் பணத்தை ஸ்டீம் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளலாம்.

2013 ஆகஸ்டில் கவுண்டர் ஸ்ட்ரைக்: குளோபல் அஃபென்சிவ் ஆட்டத்துக்கு ‘ஆர்ம்ஸ் டீல்’ என்ற புதுப்பிப்பு வந்தது. துப்பாக்கிகளுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட பூச்சுகள், அவற்றை அடைத்து வைத்த பெட்டிகள், பெட்டியைத் திறக்கக் காசு கொடுத்து வாங்க வேண்டிய சாவி. இவற்றோடு சேர்ந்து வந்ததுதான் தேய்மானம். ஃப்ளோட் 0.07-க்குள் இருந்தால் ‘ஃபேக்டரி நியூ’, 0.15 வரை ‘மினிமல் வேர்’, 0.38 வரை ‘ஃபீல்டு டெஸ்ட்டட்’, 0.45 வரை ‘வெல் வோர்ன்’, அதற்கு மேல் 1 வரை ‘பேட்டில் ஸ்கார்டு’.

பழைய பைக் வாங்குபவர் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று மீட்டரைப் பார்ப்பார். இங்கே அப்படி ஒரு மீட்டரே கிடையாது. லட்சம் குண்டு சுட்டாலும் ஒரு கீறல் ஏறாது. பத்து வருடம் பெட்டியில் பூட்டி வைத்தாலும் ஒரு கீறல் குறையாது. பெட்டி திறக்கும் நொடியில் கணினி போடும் எண்ணே அந்தப் பொருளின் ஆயுள் முழுவதற்கும். உழைக்காமலே தேய்ந்து பிறக்கும் பொருள்கள் இவை.

தேய்மானத்தைக் காட்டுவதில் வரைகலைக்காரர்கள் அக்கறையாகவே வேலை செய்தார்கள். சாதாரணப் பெயிண்ட் அடித்த துப்பாக்கியில் விளிம்புகளிலும், கை அதிகம் படும் இடங்களிலும் நிறம் உரிந்து அடியிலிருக்கும் உலோகம் எட்டிப் பார்க்கும். ‘பட்டினா’ வகைப் பூச்சுகள் உரிவதில்லை. பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்காமல் விட்டது போல மங்கிக் கறுக்கும். ஆகவே ஒரே 0.50 ஒரு துப்பாக்கியில் அலங்கோலமாகவும், இன்னொன்றில் பார்க்கும்படியாகவும் இருக்கும். ஃப்ளோட் எண்ணோடு ஸ்கின்னின் பெயரையும் சேர்த்துப் பார்த்தால்தான் விலை பிடிபடும்.

வியாபாரக் கண்ணோடு பார்த்தால் வால்வ் செய்தது எளிய காரியம். ஒரு படத்தை வரைந்து ஐந்து சரக்காக்கியது. ஒவ்வொரு ஸ்கின்னுக்கும் ஃப்ளோட் எங்கே தொடங்கி எங்கே முடியலாம் என்ற எல்லையையும் தனித்தனியாக வைத்தது. ஏகே-47 ‘ரெட்லைன்’ 0.10-இல்தான் தொடங்கும், ஆகவே ஃபேக்டரி நியூ ரெட்லைன் உலகத்திலேயே கிடையாது. ஆஸிமோவ் ஏடபிள்யூபிக்குத் தொடக்கம் 0.18, கிடைக்கும் நல்லதே ஃபீல்டு டெஸ்ட்டட்தான். ‘டாப்ளர்’ கத்திகளுக்கு உச்சமே 0.08. அங்கே எல்லாமே ஏறக்குறையப் புதுசு என்பதால், தேய்மானத்துக்காக யாரும் பெரிதாகப் பேரம் பேசுவதில்லை.

ஐந்து படிகள் போதாது என்று முடிவு செய்தவர்கள் ஆடுபவர்கள். ஃபீல்டு டெஸ்ட்டட் என்பது 0.15-இலிருந்து 0.38 வரை நீளும் அகலமான படி. 0.16 உள்ளதைப் பார்த்தால் மினிமல் வேர் என்றே தோன்றும்; 0.37 உள்ளதில் பெயிண்ட் ஊருக்கே தெரியும்படி உரிந்திருக்கும். ஸ்டீம் சந்தையோ இரண்டையும் ஒரே தலைப்பின் கீழ்தான் அடுக்கியது. விவரம் தெரிந்தவர்கள் உலாவியில் துணைச் செயலிகளைப் போட்டு, வரிசையாக உள்ள விற்பனைகளின் ஃப்ளோட்டைத் துருவி, சராசரி விலைக்கு வந்திருக்கும் 0.15-களைக் கொத்திக்கொண்டு போனார்கள். கூடுதல் விலைக்கு விற்க வெளிச்சந்தை இருந்தது. ஸ்டீம் ஒவ்வொரு விற்பனையிலும் சுமார் 15 சதவீதம் கழிக்கிறது. ஒரு பொருளுக்கு 1,800 டாலர் என்றும் பிறகு 2,000 டாலர் என்றும் உச்சவரம்பு வைத்தது. கணக்கில் சேர்ந்த பணத்தை ரொக்கமாக எடுக்கவும் வழியில்லை. சீனாவின் பஃப் போன்ற வெளித்தளங்கள் வளர்ந்தது இந்தச் சந்தில்தான். அங்கே ஃப்ளோட்டே முதல் வடிகட்டி.

அடிமட்ட ஸ்கின்களுக்கும் இந்த எண் விலை தேடித் தந்தது. ஒரே அபூர்வத் தரத்தில் பத்து ஸ்கின்களைக் கொடுத்தால் அடுத்த தரத்தில் ஒன்று தரும் ‘டிரேட் அப்’ ஒப்பந்தமே காரணம். நீண்ட காலம் இருந்த விதிப்படி, கொடுத்த பத்தின் சராசரி ஃப்ளோட்டை வரப்போகும் ஸ்கின்னின் எல்லைக்குள் பொருத்திப் புதிய ஃப்ளோட் பிறக்கும். ரெட்லைனின் எல்லை 0.10 முதல் 0.70 வரை. சராசரி 0.03 என்றால், 0.6-ஐ 0.03-ஆல் பெருக்கி 0.10-ஐக் கூட்ட வேண்டும்: 0.118. மினிமல் வேர். சராசரி 0.0833-ஐத் தாண்டினால் 0.15-ஐத் தொட்டு ஃபீல்டு டெஸ்ட்டட் ஆகிவிடும். சில்லறைக் காசுக்குப் போன ஸ்கின்கள், ஃப்ளோட் குறைவாக இருந்த ஒரே காரணத்துக்காகப் பல மடங்கு விலைக்குப் போனது இந்தக் கணக்கால்தான்.

தேயத் தேய விலை குறையும் என்பது பொது விதி. ஆனால் விலக்குகளும் உண்டு. ஆஸிமோவ் ஏடபிள்யூபியின் ஃப்ளோட் 0.9-ஐத் தாண்டி மேலே போகும்போது, தொலைநோக்கியின் மீதுள்ள வெள்ளைப் பூச்சு முழுவதும் போய்க் கறுப்பாகிவிடும். அரைகுறையாக உரிந்ததை ஒதுக்குபவர்களும் முழுக் கறுப்பை விரும்பினார்கள். ‘பிளாக்கிமோவ்’ என்று அதற்குச் செல்லப்பெயர் வைத்து, மற்ற பேட்டில் ஸ்கார்டுகளைவிடக் கூடுதல் விலைக்கு வாங்கினார்கள். 0.99-ஐத் தாண்டிய துப்பாக்கிகளை மட்டும் தேடிச் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

2014-இல் வந்த ஸ்டிக்கர்களில் கதை கொஞ்சம் வேறு. துப்பாக்கியில் ஒட்டிய ஸ்டிக்கரை உரிமையாளரே சுரண்டலாம். ஒவ்வொரு சுரண்டலுக்கும் கொஞ்சம் அழியும், கடைசியில் மறைந்தே போகும். இங்கே மட்டும் தேய்மானம் மனிதக் கையால் வருகிறது, அழிந்தது திரும்பவும் வராது. அந்த ஆண்டின் கட்டோவிட்சே போட்டிக்காக வெளியான ஹோலோ ஸ்டிக்கர் ஒட்டிய துப்பாக்கி என்றால், சுரண்டலா இல்லையா என்பதை முதலில் உறுதி செய்த பிறகே பேரம் தொடங்கும்.

பெரிய தொகைகளுக்குப் பின்னால் இவை எல்லாம் சேர்ந்து நின்றன. 2018 ஜனவரியில் பாஸ்டன் மேஜர் போட்டியை வென்ற கிளவுட்9 அணியின் வீரர் ஸ்காடூடிலின் கையெழுத்துள்ள, ஃபேக்டரி நியூ ‘டிராகன் லோர்’ ஏடபிள்யூபி ஒன்று சுமார் 61,000 டாலருக்குப் போனது. 2024-இல் ஒரு ஏகே-47 ‘கேஸ் ஹார்டன்டு’ பத்து லட்சம் டாலருக்கும் மேல் விலைபோனதாகச் செய்தி வந்தது. நீலம் அதிகம் விழுந்த 661-ஆம் எண் வடிவம், ஃபேக்டரி நியூ நிலை, டைட்டன் அணியின் பெயரில் வந்த நான்கு கட்டோவிட்சே ஹோலோ ஸ்டிக்கர்கள். மூன்றும் ஒரே துப்பாக்கியில்.

விலையை வாங்குபவர்கள் ஏற்றினாலும், கடிவாளம் வால்வ் கையில்தான் இருந்தது. ஸ்கின்களைப் பந்தயப் பணமாக வைத்த சூதாட்டத் தளங்களுக்கு 2016 ஜூலையில் நோட்டீஸ் அனுப்பியது. 2018 மார்ச்சில் கைமாறிய பொருளை ஏழு நாள் மறுபடி மாற்ற முடியாதபடி செய்தது. 2019 அக்டோபரில் புதிய சாவிகளின் கைமாற்றத்தையே நிறுத்தியது. நடக்கும் சாவி வியாபாரம் ஏறக்குறைய முழுவதும் மோசடிப் பணத்தை வெள்ளையாக்குவது என்பது அது சொன்ன காரணம். 2025 அக்டோபரில் சிவப்புத் தரத்து ஸ்கின்கள் ஐந்தைக் கொடுத்து ஒரு கத்தியோ கையுறையோ பெறலாம் என்று டிரேட் அப் விதிகளில் ஒரு வரி சேர்த்தது. அபூர்வம் என்றிருந்த கத்திகளின் விலை ஓரிரு நாளில் சரிந்தது, சிவப்பு ஸ்கின்கள் எகிறின. ஃபேக்டரி நியூ கத்திகளும் தப்பவில்லை.

இந்தச் சந்தையில் இறங்க நினைப்பவர் நிலையின் பெயரை நம்பாமல் ஃப்ளோட் எண்ணையும், அந்த ஸ்கின்னின் எல்லைகளையும், ஸ்டிக்கரில் சுரண்டல் உண்டா என்பதையும் பார்த்து வாங்க வேண்டும். ஸ்டீம் ஒப்பந்தப்படி இவை எதுவும் வாங்குபவரின் சொத்து ஆகாது, பயன்படுத்தும் உரிமம் மட்டுமே என்பதையும் மறக்கக் கூடாது. கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருக்கும் பணத்தை இதில் போடாதீர்கள்.