ஏற்றம் காத்த மலை

நீலகிரிக்குப் பிரயாணம் போவதென்பது ஒரு காலத்தில் தேகபலத்தையும் பணபலத்தையும் ஒருங்கே சோதிக்கும் காரியமாக இருந்தது. வடக்கே மோயாற்றின் ஆழ்ந்த பிளவு மைசூர்ப் பீடபூமியிலிருந்து மலையைத் துண்டித்து நிற்க, தெற்கே பவானிச் சமவெளியை ஒட்டிய காட்டுச் சரிவில் மலைக்காய்ச்சல் குடியிருக்க, தோடரும் கோத்தரும் படகரும் வாழ்ந்த உச்சிக்கு வெறும் உல்லாசத்தின் பொருட்டு ஒருவர் ஏறி வருவார் என்பது எவருடைய கற்பனைக்கும் எட்டாத விஷயமாகவே இருந்தது.

கோயம்புத்தூர் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் 1819-இல் கோத்தகிரி வழியாக மலையேறியதும் அந்த நிலை மாறத் தொடங்கிற்று. உதகையில் தோடரின் எருமைகள் மேய்ந்த புல்வெளியில் 1822-இல் அவர் கட்டத் தொடங்கிய வீட்டைக் ‘கல் பங்களா’ என்றே ஜனங்கள் வழங்கினர். இன்று அரசு கலைக் கல்லூரி அந்த வளாகத்தில்தான் நடக்கிறது. ஓடைகளை மறித்து அவர் உண்டாக்கிய ஏரியை இயற்கையின் கொடை என்று நம்பிப் படகேறுவோர் இன்றும் அநேகர். அந்த ஏரியின் ஒரு பகுதி பிற்காலத்தில் தூர்க்கப்பட்டுக் குதிரைப் பந்தய மைதானமாயிற்று. வேறொரு பகுதி பேருந்து நிலையமாயிற்று. விருந்தாளியின் கண்ணுக்கு அழகாயிருக்கட்டும் என்று வெட்டிய நீர்நிலையை விருந்தாளியின் வண்டி நிற்க இடம் வேண்டும் என்று மூடிய இந்த விசித்திரத்திலேயே உதகையின் சரித்திரம் பாதி அடங்கிவிடுகிறது என்பது என் அபிப்பிராயம்.

ஆரம்பத்தில் வந்தோர் பெரும்பாலும் நோயாளிகள். சமவெளியின் உஷ்ணத்தில் உடல் நலிந்த ஆங்கிலேயச் சிப்பாய்களும் உத்தியோகஸ்தர்களும் ஆரோக்கியம் தேடி வந்தார்கள். 1834-இல் கவர்னர் ஜெனரல் பெண்டிங் பிரபு இங்கே தங்கியிருந்தபோது, அவரைக் காண்பதற்காக ஆங்கிலேய அதிகாரி மக்காலே சென்னையிலிருந்து பல்லக்கில் வந்து சேர்ந்தார். கனவான் உள்ளே சாய்ந்து புத்தகம் படித்துக்கொண்டு வர, தோள் மாற்றித் தோள் மாற்றி அவரை மலைமேல் சேர்த்த போயிகளின் பெயரைச் சரித்திரம் எழுதி வைக்கவில்லை. ஒருவர் ஏறுவதற்குப் பலர் சுமக்க வேண்டியிருந்த வரையில், வருவோரின் தொகையை மலையே நிர்ணயித்தது.

பிறகு அந்த ஏற்றம் படிப்படியாகத் தணிந்தது. குன்னூர் மலைப்பாதை 1830-களில் அமைந்தது; வண்டிகள் சுலபமாக ஏறத்தக்க புதிய பாதை 1871 வாக்கில் வந்தது; 1873-இல் மேட்டுப்பாளையம் வரை ரயில் வந்துவிடவே, அங்கிறங்கிக் குதிரை பூட்டிய டோங்காவில் மேலேறுவது வழக்கமாயிற்று. கோடைதோறும் சென்னை ராஜதானியின் கவர்னரும் அவருடைய பரிவாரமும் கச்சேரிக் கட்டுகளும் மலைக்குப் பெயர்ந்த அந்தச் சம்பிரதாயத்தில்தான் ‘சீசன்’ பிறந்தது. வெயிலில் வாடிய ஜனங்களை விட்டுவிட்டு அரசாங்கம் குளிருக்கு ஓடுகிறதே என்று சென்னையில் எழுந்த முணுமுணுப்பு மலைவரை கேட்டதாகத் தெரியவில்லை.

பல்சக்கரம் பற்றி ஏறும் மலை ரயில் 1899-இல் குன்னூரையும் 1908-இல் உதகையையும் எட்டியது. இடையிடையே பன்னிரண்டடிக்கு ஓரடி வரை உயரும் 46 கிலோமீட்டர் பாதையைக் கடக்க அது ஏறத்தாழ ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்வதால், அது கொண்டுவரும் கூட்டத்துக்கும் ஓர் அளவு இருந்தது. அந்த அளவை உடைத்தவை மோட்டார் வாகனங்கள். விடுதலைக்குப் பின் கவர்னரின் சீசன் குடிஜனங்களின் சீசனாயிற்று. அதைக் குறை சொல்ல எவருக்கும் வாயில்லை, சொல்லவும் கூடாது. மே மாத மலர்க் கண்காட்சிக்குச் சமவெளியே திரண்டு வந்தது. தாவரவியல் பூங்காவுக்கு மேலுள்ள தோடர் குடியிருப்பான மந்து, பூக்களோடு சேர்த்துப் பார்த்துவிட்டுப் போகும் காட்சிகளில் ஒன்றாயிற்று.

2011 கணக்கெடுப்பின்படி 7.35 லட்சம் பேர் வாழும் மாவட்டத்தில், சீசன் நாளொன்றுக்கு 20,000 வாகனங்கள் நுழைவதாக 2024-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் கணக்கு வைக்கப்பட்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியே ஏறி, கோத்தகிரி வழியே இறங்கும் ஒருவழி ஏற்பாடும் இந்தப் பிரவாகத்துக்குப் போதவில்லை. அவ்வாண்டு மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமாயிற்று. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை, வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 என்று வாகன வரம்பும் விதிக்கப்பட்டது. மலை எத்தனை பேரைத் தாங்கும் என்று ஆராயும் பொறுப்பு சென்னை ஐ.ஐ.டி.க்கும் பெங்களூர் ஐ.ஐ.எம்.முக்கும் தரப்பட்டது. விடுதிக்காரரும் வியாபாரிகளும் கடையடைத்து எதிர்த்தார்கள். மூன்று மாத வருமானத்தில் ஆண்டு முழுவதையும் ஓட்டுகிறவர்களின் கலக்கம் அற்பமானதன்று.

அமெரிக்காவில் யூட்டா மாநிலத்துப் பாலைநிலத்தில், செம்பாறைச் சுவர்களுக்கிடையே ஓடும் ஸயான் பள்ளத்தாக்கிலும் இதே நெருக்கடி நேர்ந்தது. அங்கே 2000 முதல் பருவ காலத்தில் சொந்தக் கார்களை வெளியே நிறுத்தச் சொல்லிவிட்டு, பூங்காவின் பேருந்துகளிலேயே ஜனங்களை உள்ளே அழைத்துச் செல்கிறார்கள். அங்குள்ள செங்குத்துப் பாறை ஒன்றின் உச்சிக்கு ஏறவோ 2022 முதல் குலுக்கல் முறையில் அனுமதிச் சீட்டு பெற வேண்டும். நம்முடைய இ-பாஸ் எண்ணுவதோ வாகனத்தை மட்டுமே. அரசுப் பேருந்தில் வருகிறவருக்கும் மலை ரயிலில் வருகிறவருக்கும் அது தேவையில்லை. ஆனால் அவ்வழியில் வர விரும்பும் குடும்பத்துக்கு, சீசனில் பேருந்தில் உட்கார இடமும் ரயிலில் முன்பதிவும் கிடைக்குமா என்ற கேள்வியைச் சாவடியில் நின்று பாஸ் சரிபார்க்கும் சிப்பந்தியிடம் கேட்டுப் பயனில்லை. அதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் போக்குவரத்துக் கழகத்திலும் ரயில்வேயிலும் இருக்கிறார்கள்.