பாபேலும் பெல்ஹாரும்

தென்னாப்பிரிக்காவின் கேப் குடியேற்றத்தில் இயங்கிய டச்சு சீர்திருத்தத் திருச்சபையின் பேரவை, 1857இல் ஒரு தீர்மானம் இயற்றியது. புறச்சமயத்திலிருந்து வந்தோர் ஏற்கெனவே உள்ள சபைகளிலேயே சேர்க்கப்படுவது விரும்பத்தக்கது, வேதத்துக்கும் இசைந்தது என அது தொடங்குகிறது. எனினும், சிலருடைய பலவீனத்தை முன்னிட்டுத் தனி வழிபாட்டுக்கு இடமளித்தது. அச்சிலர் யாவர் என்பது கூறப்படவில்லை. வெள்ளையரே என்பது வெளிப்படை. 1881இல் கலப்பினத்தார் எனப்பட்டோர்க்குத் தனித் திருச்சபையே நிறுவப்பட்டது. விதிவிலக்கு விதியாயிற்று.

1974இல் டச்சு சீர்திருத்தத் திருச்சபை ஏற்ற அறிக்கை இன்னும் ஒருபடி மேற்சென்றது. பாபேலில் மொழிகள் பிரிந்த வரலாற்றை (ஆதியாகமம் 11) இனங்கள் தனித்து வாழ்வதற்குச் சான்றாகக் காட்டியது. மொழியும் இனமும் ஒன்றே எனக் கொள்ளும் இவ்விளக்கம் மொழியியலார்க்கு ஏற்புடையதன்று. வேதத்தை விடுத்து நோக்கினும் அது நில்லாது. ஏனெனில் பிரித்து வைக்கப்பட்ட அச்சபையினருள் பெரும்பாலோரின் தாய்மொழியும் வெள்ளையர் பேசிய ஆப்பிரிகான்ஸே.

அச்சபையினர் 1982இல் வரைந்து 1986இல் ஏற்ற பெல்ஹார் விசுவாச அறிக்கையும் அம்மொழியிலேயே எழுந்தது. மொழி, பண்பாட்டு வேறுபாடுகளை அது மறுக்கவில்லை. ஒருவர்க்கொருவர் பணிசெய்து வளம்பெறும் வாய்ப்புகளாக அவற்றைக் கண்டது. திருச்சபையில் உறுப்பினராதற்குக் கிறிஸ்துவில் கொள்ளும் விசுவாசமே நிபந்தனை, பிறப்பன்று என்றது. மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு: 'அபார்த்தைட்' என்னும் சொல் அவ்வறிக்கையில் ஓரிடத்தும் இல்லை. 2010இல் அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபையும் அதனைத் தன் விசுவாச அறிக்கைகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.