வலி தீர்க்கும் பனிக்குடச் சவ்வு

கண் ஒட்டுச் சிகிச்சை என்றதும் பார்வை மீள்வதையே நாம் நினைக்கின்றோம். 1905 டிசம்பர் 7ஆம் நாள், இன்றைய செக் நாட்டிலுள்ள ஓலோமூட்ஸ் நகரில், சுண்ணாம்பு பட்டுக் கண்ணிழந்த ஒரு தொழிலாளிக்கு எட்வர்ட் சிர்ம் என்னும் மருத்துவர் மற்றொருவரின் கருவிழிப் படலத்தைப் பொருத்திப் பார்வையளித்தார். வரலாறு எழுதுவோர் அந்த வெற்றியைத்தான் விரிவாகப் பேசுவர். பார்வை மீள வழியில்லை, வலி மட்டும் ஓயவில்லை என்னும் நிலையிலுள்ள கண்ணைப் பற்றிச் சொல்வார் குறைவு.

கருவிழிப் படலத்தை அரபு மருத்துவர்கள் 'கர்னிய்யா' என்றனர். 'கர்ன்' என்றால் கொம்பு. கொம்பைச் சீவியெடுத்த தகடுபோல் தெளிந்திருப்பதால் வந்த பெயர். அத்தெளிவைக் காப்பது அதன் உட்புறத்தே ஒற்றை வரிசையாய் அமைந்த நுண்ணறைகள். படலத்தில் ஊறும் நீரை அவை ஓயாது வெளியேற்றுகின்றன. அவை அழிந்தால் மீண்டும் பிறப்பதில்லை. கண்புரை அறுவையின்போதோ, நாட்பட்ட கண்ணழுத்த நோயாலோ அவை பெருமளவு மடிந்துவிட்டால் நீர் தேங்கிப் படலம் வீங்கும், மேற்புறம் கொப்புளிக்கும். கொப்புளம் உடையுந்தோறும் நரம்பு நுனிகள் வெளிப்படும். உடலில் நரம்புகள் மிக நெருங்கிய இடங்களுள் கருவிழியும் ஒன்று. கண் இமைப்பதே வேதனையாகிவிடும்.

இவ்வேதனைக்கு மருந்தானது, பேற்றுக்குப் பின் புதைத்துவிடும் நச்சுக்கொடியோடு சேர்ந்த பனிக்குடத்தின் உட்சவ்வு! அதில் இரத்தக் குழாய்கள் இல்லை. அழற்சியைத் தணிக்கும் இயல்புண்டு. கருவிழியின் மேல்தோல் பற்றி வளர உறுதியான தளமாகவும் அமைகிறது. 1940இல் டி ராத் என்பவர் இமையிணைப் படலத்தைச் சீர்செய்யக் கருச்சவ்வுகளைப் பயன்படுத்தினார். 1946இல் இங்கிலாந்தில் சார்ஸ்பியும் சைமன்ஸும் காரம்பட்டு வெந்த கண்களுக்கு இச்சவ்வை இட்டனர். பின்னர் ஏறத்தாழ அரை நூற்றாண்டு கண் மருத்துவ உலகில் இதைப் பற்றிய பேச்சே அருகிப்போயிற்று. கைக்கெட்டிய பொருளை இத்தனை காலம் மறந்திருந்தது நமக்கு வியப்பாகவே உள்ளது. 1995இல் கிம், செங் ஆகிய இருவரும் முயல்களின் கண்களில் செய்த ஆய்வே அதற்கு மறுவாழ்வு தந்தது.

1999இல் பிரெஸ், செங் முதலியோர் கொப்புளக் கருவிழி நோய்க்கு இச்சவ்வை ஒட்டிய முடிவுகளை வெளியிட்டனர். முன்பு தாங்கொணா வலியிருந்த 48 கண்களில் 43 வலி நீங்கின.

இன்று நாள் குறித்துச் செய்யும் வயிற்றறுவைப் பேறுகளில், தாயின் சம்மதத்தோடு சவ்வைப் பெறுகின்றனர். எய்ட்ஸ், கல்லீரல் அழற்சி, மேகநோய் ஆகியவற்றுக்கு அவளது இரத்தத்தைச் சோதித்தபின் சவ்வை உறையவைத்துக் காக்கின்றனர். பார்வைக்கு நம்பிக்கையுள்ளவர்களுக்குக் கருவிழியின் உள்ளடுக்கை மட்டும் மாற்றும் சிகிச்சை வந்துவிட்டது. அந்நம்பிக்கை அற்றவர்களுக்கும், தானக் கருவிழிக்காகக் காத்திருப்பவர்களுக்கும் இச்சவ்வை ஒட்டுகின்றனர்.