லிஸ்பனில் மூன்று நாள்: 'மூர்' என்ற பெயர் புறப்பட்ட ஊர்

பசறைப் பக்கத்துத் தோட்டக் கடையொன்றில் வளர்ந்து, இப்போது கட்டாரில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன் சென்ற மாதம் தொலைபேசியில் பேசினான். "சேர், லீவுல லிஸ்பனுக்குப் போகப் போறன். மூணு நாள்தான். ரொனால்டோ வெளையாடின மைதானத்தத் தவிர பாக்க வேற என்ன இரிக்கி?" என்று கேட்டான்.

நான் லிஸ்பனுக்குப் போனவனல்லன். ஆனாலும் அவனிடம் திருப்பி ஒரு கேள்வி கேட்டேன்: "மகன், ஒன்ட பேர்த் சர்ட்டிபிக்கட்ல இனம் எண்ட எடத்துல என்ன எழுதி இரிக்கி?" கொஞ்சம் யோசித்துவிட்டு, "தமிழ்ல இலங்கைச் சோனகர். இங்கிலீசுல சிலோன் மூர்" என்றான். "அப்ப நீ போறது வெளியூருக்கில்ல. அந்த ரெண்டாவது பேரு பொறந்த ஊருக்குத்தான் போறாய்" என்றேன்.

பிறகு அவனுக்காக ஒரு பயணக் குறிப்பு எழுத உட்கார்ந்தேன். அது வளர்ந்து இந்தக் கட்டுரையானது.

சோனகர் என்பது நமது சொல். யவன, யோனக, சோனக என்று அது வந்த வழியைச் சொல்லாராய்ச்சியாளர் காட்டுவர். மூர் என்பதற்கோ வேறு பிறப்பு. வடமேற்கு ஆபிரிக்காவின் மக்களை உரோமர் 'மவுருஸ்' என்றார்கள். அந்தப் பக்கத்திலிருந்து கடல் கடந்து வந்து ஐபீரியாவை ஆண்ட முஸ்லிம்களைப் போர்த்துக்கேயர் 'மோரோ' என்றழைத்தார்கள். பிறகு கப்பலேறிக் கீழைத்தேயம் வந்தவர்கள் கள்ளிக்கோட்டையிலும் கொழும்பிலும் தொழுகிற மனிதர்களைக் கண்டபோது, புதுப்பெயர் தேடிச் சிரமப்படவில்லை. ஊரில் வைத்திருந்த பெயரையே இங்கும் ஒட்டினார்கள். ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அதை அப்படியே பதிவேட்டில் ஏற்றினார்கள். இன்று நமது பதிவாளர் எழுதுவதும் அதைத்தான்.

முதல் நாள்: குன்று

முதல் நாளை மார்ட்டிம் மொனிஸ் சதுக்கத்தில் தொடங்கச் சொன்னேன். அதன் பின்னால் சரிவில் ஏறும் ஒடுங்கிய தெருக்களுக்கு 'மொராரியா' என்று பெயர். மூர்களின் குடியிருப்பு என்பது பொருள்.

8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 1147 வரை, நானூறு ஆண்டுகளுக்கு மேலாக லிஸ்பன் முஸ்லிம் நகரமாக இருந்தது. அரபு நூல்கள் அதை அல் உஷ்பூனா என்று குறிப்பிடும். 1147 ஜூலையில் அபோன்சோ என்ரிக்கெஸ் மன்னன், இரண்டாம் சிலுவைப் போருக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்த ஆங்கில, பிளெமிய, ஜெர்மானிய வீரர்களைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு நகரை முற்றுகையிட்டான். ஒக்டோபரில் நகரம் வீழ்ந்தது. எஞ்சிய முஸ்லிம்கள் கோட்டை மதிலுக்கு வெளியே, குன்றின் வடபுறச் சரிவில் வாழ அனுமதிக்கப்பட்டார்கள். 1170இல் அதே மன்னன் அவர்களுக்கு ஒரு பாதுகாப்புச் சாசனமும் கொடுத்தான். தோற்றவர்கள் வரி செலுத்திக்கொண்டு தங்கள் மார்க்கத்தோடு மேலும் முந்நூறு வருடங்களுக்கு மேல் அங்கேயே இருந்தார்கள்.

மொராரியாவிலிருந்து மேலே ஏறினால் சாவோ ஜோர்ஜ் கோட்டை. அதனுள்ளே அகழ்ந்தெடுக்கப்பட்ட 11ஆம் நூற்றாண்டு முஸ்லிம் வீடுகளின் அடித்தளங்களைப் பார்க்கலாம். மறுபக்கம் இறங்கினால் அல்பாமா. அரபியில் அல் ஹம்மா, அதாவது வெந்நீரூற்று. மஹியங்கனைப் பக்கத்துக்காரருக்கும் கன்னியாய் போய்வந்தவருக்கும் இந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை. அருகே நிற்கும் பேராலயம், நகரின் பெரிய பள்ளிவாசல் இருந்த இடத்தில் எழுப்பப்பட்டது.

இங்கே மாணவனுக்கு ஒரு எச்சரிக்கையும் சொன்னேன். அந்தலூஸ் என்றதும் நம்மவர் பலருக்குக் கண் கலங்கும். கலங்கட்டும், அது நம் உம்மத்தின் வரலாறு. ஆனால் அல் உஷ்பூனாவிலிருந்து நமது முன்னோர் வந்தார்கள் என்று யாரும் கதை கட்டக் கூடாது. அவர்களும் நாமும் ஒரு குடும்பத்து ஆட்களல்ல. ஒரே எதிரி இரு சாராருக்கும் ஒரே பெயரை வைத்தான், அவ்வளவுதான். பெயரை வைத்து வம்சம் எழுதப் போனால் என்ன நடக்கும் என்பதை நாம் ஏற்கெனவே பார்த்திருக்கிறோம். 1880களில் பொன்னம்பலம் இராமநாதன் இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று வாதிட்டதும், 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதற்கு மறுப்பு நூல் எழுதியதும் இந்தச் சஞ்சிகையின் வாசகர்கள் அறியாததல்ல. அந்தச் சர்ச்சையின் ஓரத்தில் எப்போதும் நின்ற சொல் 'மூர்'.

இரண்டாம் நாள்: ஆறு

இரண்டாம் நாள் தேஜோ ஆற்றங்கரையோடு மேற்கே போகும் 15ஆம் இலக்க ட்ராம் வண்டியில் பெலேம் போக வேண்டும். திங்கட்கிழமை வேண்டாம், அன்று அங்குள்ள நினைவுச்சின்னங்கள் பூட்டியிருக்கும்.

1496 டிசம்பரில் மனுவேல் மன்னன் தன் நாட்டிலுள்ள யூதரும் முஸ்லிம்களும் வெளியேற வேண்டுமென ஆணையிட்டான். யூதர்களில் பெரும்பாலோர் பலவந்தமாக ஞானஸ்நானம் செய்விக்கப்பட்டார்கள். முஸ்லிம்கள் கஸ்டீலுக்கும் வட ஆபிரிக்காவுக்கும் போனார்கள். மொராரியாவில் பெயர் மட்டும் மிஞ்சியது. மறு வருடம், 1497 ஜூலை 8இல், அதே மன்னன் அனுப்பிய வாஸ்கோ ட காமா இந்த பெலேம் கரையிலிருந்து புறப்பட்டான். 1498 மே மாதம் கள்ளிக்கோட்டையில் அவன் கரைக்கு அனுப்பிய ஆள் முதலில் சந்தித்தவர்களில் கஸ்டீலிய மொழி தெரிந்த தூனிஸ் நாட்டு முஸ்லிம்கள் இருவர் இருந்தார்கள். ஊரைவிட்டுத் துரத்திய பெயர், உலகத்தின் மறு கரையில் முன்னால் வந்து நின்றது.

பெலேமிலுள்ள ஜெரோனிமோஸ் மடாலயத்தில் வாஸ்கோ ட காமாவின் கல்லறை இருக்கிறது. அந்தப் பிரமாண்டமான கட்டிடத்துக்குக் காசு வந்த வழியில் ஒன்று, ஆபிரிக்க, கீழைத்தேய வணிகத்தின் மீது விதித்த ஐந்து சதவீத மிளகு வரி. நமது கறுவாவும் அந்தக் கப்பல்களில் போனதுதான். "அந்தத் தூண்ல கைய வச்சுப் பாரு மகன், கறுவா மணக்குதா எண்டு" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

லொரன்ஸோ த அல்மேதா இலங்கைக் கரையை அடைந்தது 1505இல் என்று நமது பாடநூல்கள் சொல்லும். 1506 என்பாரும் உண்டு. அவன் புறப்பட்டது இலங்கையைத் தேடியல்ல. மாலைதீவு வழியாகச் சுற்றிப்போகும் முஸ்லிம்களின் வாசனைத் திரவியக் கப்பல்களை மறிக்கத்தான் வந்தான். காற்று இங்கே தள்ளிவிட்டது. சில ஆண்டுகளுக்குள் எழுதிய துவார்த்தே பர்போசா, இத்தீவின் துறைமுகங்களில் மூர்கள் பலர் வாழ்வதைக் குறித்து வைத்தான். நம்மை நேற்று வந்தவர்கள் என்று சொல்வோருக்கு வேறு சாட்சி தேவையில்லை. நம்மை விரட்ட வந்தவனே, வந்தபோது நாம் இங்கு இருந்தோம் என்று எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறான்.

மூன்றாம் நாள்: கடுதாசி

மூன்றாம் நாள் வார நாளாக இருக்கட்டும். பல்கலைக்கழக நகர்ப் பகுதியில் நிற்கும் தோரே தோ தொம்போ என்ற தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும். 'தொம்போ' என்றால் பதிவேடு. நமது காணி வழக்குகளில் அடிபடும் 'தோம்பு' அந்தச் சொல்தான். பாணும் குசினியும் யன்னலும் சாவியும் துவாயும் வந்த அதே கப்பலில் வந்தது. கடுதாசியும் அப்படியே. முஸ்லிம் கப்பல்கள் கடலில் போவதற்குப் போர்த்துக்கேயரிடம் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்த அனுமதிச் சீட்டுக்கு 'கார்தாஸ்' என்று பெயர். அதன் வேரோ அரபு 'கிர்தாஸ்'; அல் அன்ஆம் சூராவில் நாம் ஓதும் சொல். நமது சொல்லை வாங்கி, அதிலேயே நமக்கு அனுமதி எழுதித் தந்தார்கள்.

ஊவாக்காரனுக்கு இந்தக் காலத்து ஆவணங்களில் தனிப் பங்கு இருக்கிறது. 1626இல் போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிக்குட்பட்ட இலங்கைப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். அப்போது போர்த்துக்கல்லும் ஸ்பானிய மன்னனின் கையில் இருந்தது. ஆகவே அரசன் இருந்தது மத்ரித்தில். கட்டளைகள் வந்த வழி லிஸ்பனும் கோவாவும். இங்கே அதை நிறைவேற்றியவன் தேசாதிபதி கொன்ஸ்தந்தீனோ த சா. வெளியேற்றப்பட்டவர்களுக்கு இடம் கொடுத்தவன் கண்டி மன்னன் செனரத். மட்டக்களப்புப் பக்கம் நாலாயிரம் பேரைக் குடியேற்றினான் என்பது கேய்ரோஸ் பாதிரியாரின் கணக்கு. மலைநாட்டில் முஸ்லிம்கள் தவளம் ஓட்டினார்கள். அரசனின் 'மடிகே' பகுதியில் பொதிமாடுகளோடு ஊழியம் செய்தார்கள்.

நான்கு வருடம் கழித்து, 1630 ஆகஸ்டில், அதே த சா படையோடு ஊவாவுக்குள் வந்து நமது பதுளையைச் சூறையாடினான். திரும்பும் வழியில் வெல்லவாயவை அடுத்த ரந்தெனிவெலயில் கண்டிப் படை வளைத்தது. அவனோடு வந்த சிங்கள லஸ்கரீன்கள் தங்கள் முதலிமார் தலைமையில் பக்கம் மாறினார்கள். த சா அங்கேயே மடிந்தான். அவனுடைய மகன் எழுதிய 'இலங்கைக் கலகம்' என்ற பொருள்படும் ஸ்பானிய நூல் 1681இல் லிஸ்பனில் அச்சானது. பதுளை எரிந்த கதையை நகரத்தை எரித்தவனின் மகன் எழுதினான். எரிந்த நகரத்தார் தரப்பில் அப்படியொரு நூலை நான் கண்டதில்லை.

1755 நவம்பர் 1ஆம் திகதி லிஸ்பனைப் பூமியதிர்ச்சி தரைமட்டமாக்கியது. அப்போது ஆவணங்கள் இருந்தது கோட்டைக் கோபுரமொன்றில். கோபுரம் இடிந்து விழுந்தது. எண்பதை நெருங்கிய காப்பாளர் மனுவேல் த மாயா இடிபாட்டுக்குள்ளிருந்து கட்டுக்கட்டாகக் கடுதாசிகளை மீட்டெடுத்துப் பாதுகாத்தார். இன்று அவற்றில் பெரும்பகுதியின் பட்டியலை இணையத்தில் பதுளையிலிருந்தே பார்க்கலாம். கோட்டே மன்னன் புவனேகபாகுவின் காலத்து ஆவணங்களை இங்கிருந்து திரட்டி ஷூர்ஹாமரும் வொரெட்ஷும் 1928இலேயே பதிப்பித்துவிட்டார்கள்.

சில காரியங்கள்

பயணத்துக்கு ஷெங்கன் விசா வேண்டும். முப்பதாயிரம் யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதியும் வேண்டும். ஊர் முழுக்க மேடு. எல்ல, ஹப்புத்தளை ஏறிய கால்களுக்குப் பயமில்லை, ஆனால் கல் பதித்த தெருவில் மழை பெய்தால் வழுக்கும். ஜூனில் மஃரிப் இரவு ஒன்பதைத் தாண்டும், நேரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சாப்பாட்டுக்கு அலைய வேண்டாம். மொராரியாவில் இன்று வங்காளதேசத்தவரின் கடைகளும் ஹலால் சாப்பாட்டுக் கடைகளும் தொழும் இடங்களும் இருக்கின்றன. நகரின் மத்தியப் பள்ளிவாசல் 1985இல் திறக்கப்பட்டது. மொசாம்பிக்கிலிருந்தும் கினி பிசாவிலிருந்தும் வந்த முஸ்லிம்கள் அந்த ஜமாஅத்தின் தூண்கள். 1496இன் ஆணைக்கும் 1985க்கும் இடையில் ஏறக்குறைய ஐந்நூறு வருடம். நாம் மேற்கே திரும்பித் தொழுகிறோம். அங்கே கிப்லா கிழக்கு.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மாணவன், "சேர், மைதானத்துக்கு எப்ப போற?" என்றான். மூன்றாம் நாள் பின்னேரத்தை அதற்கு விட்டுக் கொடுத்தேன்.

இதை எழுதி முடித்தபோது ஒரு சங்கடம் வந்தது. இடிந்த கோபுரத்துக்குள்ளிருந்து அவர்கள் கடுதாசியை மீட்டார்கள். நமது ஊவாவில் கோபுரம் எதுவும் இடியவில்லை. ஆனாலும் பள்ளிவாசல் அலமாரிகளில் பழைய விவாகப் பதிவுகளைக் கறையான் தின்கிறது. தோட்டத்துக் கடைகளின் கணக்குக் கொப்பிகள், எந்தத் தோட்டத்தில் எந்தக் குடும்பம் எத்தனை கொத்து அரிசி கடனாக வாங்கியது என்று சொல்லக்கூடியவை, கடை கை மாறும்போது அடுப்புக்குப் போகின்றன. குடிசன மதிப்பீட்டில் இலங்கைச் சோனகர், இந்தியச் சோனகர் என்று இரண்டு நிரல்களாகப் பிரிக்கப்பட்ட நமது குடும்பங்கள் தோட்டத் தமிழரோடு எப்படி வாழ்ந்தன என்பதற்கு அவற்றைவிட நல்ல சாட்சி இல்லை.

ஆகவே மாணவனுக்கு நான் கொடுத்த கடைசி வேலை லிஸ்பனில் இல்லை, பசறையில் இருக்கிறது. பாட்டனாரின் கடையில் மிஞ்சியிருக்கும் கணக்குக் கொப்பிகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்துத் தரச் சொல்லியிருக்கிறேன். "கொப்பி பரண்ல ரெண்டு பெட்டி இரிக்கி சேர். உம்மாட்டச் சொல்றன்" என்றான். அடுத்த போயாவன்று போகிறேன்.