காடு வெட்டியவரும் காணி பெற்றவரும்

கிழக்கிலங்கையின் ஊர்ப்பெயர்களைச் சற்றே செவிகொடுத்துக் கேட்க வேண்டும். வாழைச்சேனை, அட்டாளைச்சேனை, பால்சேனை, ஊத்துச்சேனை. காட்டை வெட்டி, எரித்து, மழையை நம்பி விதைக்கும் புனத்துக்கு இப்பகுதி மக்கள் வழங்கும் பெயர் சேனை. அட்டாளை என்பது அப்புனத்தில் யானைக்கும் பன்றிக்கும் காவலிருப்பவன் இரவைக் கழிக்கும் பரண். ஆகவே, ஊரின் பெயரே ஒரு குடியேற்றக்காரனின் வரலாறாக நிற்கிறது. ஆயினும் அவ்வரலாற்றில் வாழைக்கு இடமுண்டு; பரணுக்கு இடமுண்டு; முதற்கோடரியை ஓங்கிய மனிதனுக்கு மட்டும் இடமில்லை. முன்னோடி என்ற பெயர் யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்காமற் போகிறது? இதுவே நாம் ஆராயப் புகும் வினா.

குடியேற்றக்காரனைக் கொண்டாடும் ஒரு சமுதாயத்தை முதலிற் பார்ப்போம். அமெரிக்க ஐக்கிய நாட்டின் யூட்டா மாநிலத்தில் ஜூலை 24ஆம் திகதி பொது விடுமுறை நாள். அதற்கு முன்னோடிகள் தினம் என்று பெயர். 1847ஆம் ஆண்டு அந்நாளில் மோர்மன் சபையின் தலைவர் பிரிகாம் யங் பெரிய உப்பு ஏரிப் பள்ளத்தாக்கை வந்தடைந்தார். இம்மக்கள் அங்கே விரும்பிச் சென்றவர்களல்லர், விரட்டப்பட்டவர்கள். சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித், 1844 ஜூன் 27ஆம் திகதி, இல்லினோய் மாநிலச் சிறையொன்றில் அடைபட்டிருந்தபோதே வெறிகொண்ட கும்பலாற் கொல்லப்பட்டார். 1846இல் அவருடைய மக்கள் தாம் கட்டிய நாவூ நகரையும் கைவிட்டு, மாட்டு வண்டிகளில் மேற்கு நோக்கிப் புறப்பட்டனர். வண்டி வாங்க வகையற்ற ஏழைகள் 1856 முதற் கைவண்டிகளில் உடைமைகளை ஏற்றித் தாமே இழுத்து வந்தனர். அவ்வாண்டு பனியில் அகப்பட்டு மாண்டவர் இருநூறுக்கு மேற்பட்டோர்.

அங்கு சென்றடைந்த குடியேற்றக்காரன் செய்த முதல் வேலை யாது? கட்டாந்தரையில் உழுபடை இறங்கவில்லை. ஆகவே, ஓடையை மறித்து நிலத்தில் நீரைப் பாய்ச்சிப் பின்னரே உழுதான். நகர்மனைகள் ஒன்றேகால் ஏக்கர் வீதம் அளந்து பங்கிடப்பட்டன. நீரும் விறகும் தனியொருவனின் உடைமையாகா என்று விதிக்கப்பட்டது. அந்தச் சபையில் ஆணாதிக்கமும் நிறபேதமும் மலிந்திருந்தன. கறுப்பின ஆண்கள் குருத்துவம் பெறுவதற்கிருந்த தடை 1978இலேயே நீங்கிற்று. அதனை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நீரையும் நிலத்தையும் பொதுவில் ஒழுங்குசெய்தமையால், விரட்டப்பட்ட ஏழை அங்கே காலூன்றினான். காலூன்றியவன் நாட்குறிப்பு எழுதினான். அவனுடைய பேரன் அதனை அச்சிட்டான். முன்னோடி என்ற பெயர் அவ்வாறு நிலைத்தது.

அதே நிலத்தில் மேய்ச்சலையும் வேட்டையையும் இழந்த ஷோஷோனி மக்களுக்கு அப்பெயர் கிட்டவில்லை. 1863 ஜனவரியில், பேர் ஆற்றங்கரையில், அவர்களுள் நூற்றுக்கணக்கானோரை அமெரிக்கப் படை கொன்று குவித்தது. ஒருவனுடைய புகலிடம் இன்னொருவனுடைய இழப்பாக மாறக்கூடும் என்பதையும் இவ்வரலாறு நமக்குக் கூறுகிறது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். மோர்மன் மக்களின் பயணத்துக்கு ஏறத்தாழக் கால் நூற்றாண்டு முன்னரே, தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து பஞ்சத்தாலும் கடனாலும் சாதிக் கொடுமையாலும் உந்தப்பட்ட மக்கள் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடே மாத்தளை நோக்கிக் கால்நடையாகச் சென்றனர். வாந்திபேதியாலும் பசியாலும் வழியில் வீழ்ந்தவர்களுக்குக் கல்லறையுமில்லை, கணக்குமில்லை. கண்டிச் சீமைக் காட்டை வெட்டிக் கோப்பித் தோட்டமாக்கியவர்கள் இவர்களே. கோப்பி அழிந்தபின் மலைச்சரிவுகளைத் தேயிலையால் மூடியவர்களும் இவர்களே. இலங்கைத் தேயிலையின் முன்னோடி யார் என்று கேட்டால், 1867இல் லூல்கந்துரவில் பத்தொன்பது ஏக்கர் பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் என்று பாடப்புத்தகம் விடை பகரும். பத்தொன்பது ஏக்கரையும் கொத்திய கைகள் எவருடையவை என்று அப்புத்தகம் கேட்பதில்லை.

மலையைப் பொன்விளையும் பூமியாக்கியவனுக்கு மிஞ்சியது லயத்தில் ஓர் அறை, அதுவும் அவனுடையதன்று. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவனை நாடற்றவனாக்கியது. 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், அவனைக் கேளாமலே, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தலைகளைப் பங்கிட்டது. எழுபதுகளின் நடுவில், தோட்டங்கள் அரசுடைமையான காலத்தில், பட்டினி லயங்களைச் சூழ்ந்தது. 1977 ஆகஸ்டில் இனவெறியின் தீ அவற்றை எரித்தது. மூட்டை முடிச்சுகளோடு மலையிறங்கிய மக்கள் வடக்கையும் கிழக்கையும் நோக்கி நடந்தனர். பாட்டன் வந்த பாதையிற் பேரன் திரும்பி நடந்த பயணம் அது.

அவர்களை எதிர்கொண்டு வரவேற்ற இயக்கம் காந்தியம். கரம்பனிற் பிறந்த கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் வவுனியாவில் மருத்துவராயிருந்த இராஜசுந்தரமும் இதனை எழுபதுகளின் பிற்பகுதியிற் கட்டி வளர்த்தனர். பாலர் பள்ளிகளை நடத்துதல், கிராமத்து இளம்பெண்களை ஆசிரியைகளாகப் பயிற்றுதல், குழந்தைகளுக்குப் பால் வழங்குதல், பண்ணைகளில் அகதிகளைக் குடியமர்த்துதல் என்பன அதன் பணிகள். வவுனியாவைத் தளமாகக் கொண்ட அப்பணி மட்டக்களப்பு மாவட்டத்தையும் எட்டியது. வாழைச்சேனைக்கு மேற்கே புணானை, வடமுனை, ஊத்துச்சேனைப் பக்கங்களிலும் மலையகத்தார் குடிசை கட்டினர்.

அக்குடியேற்றக்காரனின் வாழ்வை எண்ணிப் பாருங்கள். குளிரில் வளர்ந்த உடம்பு ஆடி மாதத்து அனலில் காடு வெட்டுகிறது. வெட்டிய காடு காய்ந்ததும் எரிக்கிறான். வாடைக்கால மழைக்காக வானத்தைப் பார்க்கிறான். மழை வந்தால் குரக்கனும் சோளனும் பயறும் விதைக்கிறான். மழையோடு மலேரியாவும் வருகிறது. கதிர் முற்றும்போது யானை வருகிறது. பரணில் தந்தை விழித்திருக்க, குடிசையில் தாய் காய்ச்சலுற்ற குழந்தையை மடியிற் கிடத்தியிருக்கிறாள். விளைச்சல் பொய்த்த ஆண்டில் போடியாரின் வயலுக்கோ, வன்னித் தமிழ்க் காணிக்காரனின் தோட்டத்துக்கோ கூலியாகப் போகிறான். அங்கே அவனை ‘தோட்டக்காட்டான்’ என்று அழைத்தவர்களும் தமிழரே. இனத்தின் பேரால் வரவேற்று, வர்க்கத்தின் பேரால் அரைக்கூலி கொடுத்த அந்தக் கணக்கை நாம் மூடிவைத்தல் தகாது.

இவற்றையெல்லாம் தாங்கியவனுக்கு ஒன்று மட்டும் கிட்டவில்லை: காணி உறுதி. நாடற்றவனுக்கு அரச காணியின் அனுமதிப் பத்திரம் எட்டாக்கனி. பத்திரமில்லாதவன் எத்துணை வியர்வை சிந்தினாலும் ஏட்டில் அத்துமீறியவனே. ஏட்டின் இவ்விடைவெளி வழியாகவே அழிவு புகுந்தது. 1983 ஏப்ரலில் டேவிட்டும் இராஜசுந்தரமும் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதாயினர். அவ்வாண்டு ஜூலை 25, 27ஆம் திகதிகளில் வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். இரண்டாம் நாளில் மாண்டவர்களுள் இராஜசுந்தரம் ஒருவர். உயிர்தப்பிய டேவிட் மட்டக்களப்புச் சிறைக்கு மாற்றப்பட்டு, செப்டெம்பர் 23ஆம் திகதி நிகழ்ந்த சிறையுடைப்பில் வெளியேறினார். இந்தியாவில் நெடுங்காலம் அகதியாய் வாழ்ந்து, 2015இல் கிளிநொச்சியிற் காலமானார்.

1984இல் கென்ற், டொலர் பண்ணைகளிலிருந்து மலையகக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அவர்கள் வெட்டித் திருத்திய நிலத்தில் சிங்களக் கைதிகள் குடும்பங்களோடு கொண்டுவந்து வைக்கப்பட்டனர். அவ்வாண்டு நவம்பர் இறுதியில் விடுதலைப் புலிகளின் தாக்குதலில் அவர்களுட் பலர் பிள்ளைகளோடு கொல்லப்பட்டனர். துரத்தப்பட்டவரும் ஏழைகள், அங்கே கொண்டுவந்து பலியிடப்பட்டவரும் ஏழைகள். எல்லைக் கோடு வரைந்த கைகளில் ஒன்றிலேனும் மண்வெட்டித் தழும்பு இருந்ததில்லை.

இரு வரலாறுகளையும் ஒப்புநோக்கும்போது, விடாமுயற்சியில் வேற்றுமை காண்கிறோமா? இல்லை. இரண்டிலும் விரட்டப்பட்ட மக்கள். இரண்டிலும் நெடும் நடை. இரண்டிலும் சிறைக்குள் கொல்லப்பட்ட தலைவர். வேற்றுமை நிலத்தின் மீதும் நீரின் மீதும் கொண்ட உரிமையிலே இருக்கிறது. உரிமை பெற்றவன் முன்னோடி, பெறாதவன் அகதி. சரித்திரம் உழைப்பை அளந்து பெயர் சூட்டுவதில்லை. உறுதிப் பத்திரத்தைப் பார்த்தே சூட்டி வந்துள்ளது.

2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியோரின் பிரஜாவுரிமைக்கு வழி திறந்தது. 2023இல், மலையக மக்களின் இருநூறாண்டு நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் மீண்டும் நடந்தனர். மூதாதையரை முன்னோடிகளென்று அவர்கள் தாமே அறிவித்த நடை அது. அம்முழக்கத்தில் ஓங்கி ஒலித்த கோரிக்கைகளுள் ஒன்று காணி.

ஆசிரியர்களே, மாணவர்களே, உங்கள் ஊரின் பெயரைக் கரும்பலகையில் எழுதும்போது அதன்கீழ் ஒரு வினாவையும் எழுதுங்கள்: இந்தக் காட்டை வெட்டியவர் யார்? இன்று அவருடைய பேரப்பிள்ளைகளுக்கு இங்கே எத்தனை பேர்ச் காணி உண்டு? விடைகளை ஊரிலுள்ள முதியோரிடம் கேட்டு எழுதி வையுங்கள். நாட்குறிப்பு எழுதி வைக்க வாய்ப்பற்றுப் போன மக்களுக்கு அந்தக் குறிப்பேடே முதற்சரித்திரமாகும்.