மன்னரின் ஆரஞ்சு மரங்களும் நம் மாடித் தொட்டியும்



என்னிடம் படித்த பெண் ஒருத்தி போன வாரம் போனில் கேட்டாள்: "டீச்சர், ஃபைகஸ் மரத்த பெரிய தொட்டிக்கு மாத்தினேன். பத்து நாளா இலை கொட்டுது. உரம் போடட்டுமா?" போடாதே என்று உடனே சொல்லிவிட்டேன். காரணம் சொல்லப் போனால் அது பிரான்ஸ் வரைக்கும் போகும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

வெர்சாய் என்றால் நம் பாடப்புத்தகத்தில் 1919 உடன்படிக்கைதான். அதே வெர்சாயில் 14ஆம் லூயி மன்னர் ஆரஞ்சு மரங்களைப் பெட்டிகளில் வளர்த்தார். பழம் தின்பதற்கல்ல, பூவின் மணத்துக்கும் அந்தஸ்துக்கும். 1661இல் தம் நிதி அமைச்சர் ஃபூக்கேயைக் கைது செய்தவர், அவர் மாளிகையிலிருந்த ஆரஞ்சு மரங்களையும் விட்டுவைக்கவில்லை, தம் அரண்மனைக்குக் கொண்டுவந்துவிட்டார். ஆளைச் சிறையில் போட்டது போதாதா!

ஆனால் அந்த ஊர்க் குளிரில் ஆரஞ்சு மரம் தரையில் பிழைக்காது. மே மாதம் வெளியே கொண்டுவந்து, அக்டோபரில் உள்ளே தள்ள வேண்டும். இதற்கென்றே ஆர்துவான் மான்சார் என்ற கட்டடக் கலைஞர் 1684 முதல் 1686 வரை ஒரு கூடம் கட்டினார். தெற்குப் பார்த்த பெரிய ஜன்னல்கள், தடித்த சுவர்கள், 150 மீட்டருக்கு மேல் நீளம்.

எனக்கு அந்தக் கூடத்தைவிடப் பெட்டிதான் பெரிய விஷயம். ஓக் மரத்தில் செய்த சதுரப் பெட்டி, பக்கப் பலகைகளைக் கழற்றலாம். தோட்டக் கலைஞர் லெ நோத்ர் வடிவமைத்தது என்பார்கள். பலகையைக் கழற்றி, ஓரத்துப் பழைய மண்ணைச் சுரண்டி, சுருண்ட வேரை வெட்டி, புது மண் போட்டு மூடிவிடலாம். நடுவிலுள்ள வேர்க்கட்டி அசையாது. அத்தனை மரங்களுக்கும் மண் மாற்றிய வேலையாட்களின் பெயர் நம் பாடத்தில் மட்டுமல்ல, எந்தப் பாடத்திலும் வராது.

மன்னரின் காய்கறித் தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட லா கன்தினி, வக்கீலுக்குப் படித்தவர். அவர் 1688இல் இறந்து, 1690இல் வெளிவந்த அவருடைய புத்தகத்தில் ஆரஞ்சு மரத்துக்கென்றே தனிப் பகுதி உண்டு. அவ்வளவு சொல்ல வேண்டிய செடி அது.

இப்போது ஃபைகஸுக்கு வருகிறேன். நீரை உறிஞ்சுவது பெரிய வேரல்ல, நுனியிலுள்ள சல்லிவேர். தொட்டி மாற்றும்போது அறுபடுவதும் அதுதான். வேர் குறைந்துவிட்டது, மேலே இலை மட்டும் பழையபடி நீரை ஆவியாக விட்டுக்கொண்டே இருக்கிறது. வரவு குறைந்த வீட்டில் செலவைக் குறைப்பதுபோல மரம் இலையை உதிர்க்கிறது. அந்த நேரத்தில் உரம் போட்டால் மண்ணில் உப்பு கூடும். புண்பட்ட வேர் கருகும். புதுத் துளிர் வந்து ஒரு மாதமாவது போகட்டும். அதுவரை நேர் வெயில் படாத, வெளிச்சமான இடம். விரலை ஓர் அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் அடித்துளை வழியே வடியும்வரை தண்ணீர். தட்டில் தேங்கியதைக் கொட்டிவிட வேண்டும். ரொம்பப் பெரிய தொட்டியும் ஆபத்து. வேர் எட்டாத மண் ஈரம் காயாமல் அழுகலைக் கொண்டுவரும். பழைய தொட்டியைவிட இரண்டு அங்குலம் அகலம் கூடினால் போதும்.

வெர்சாயில் இன்றும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பெட்டி மரங்கள் ஆண்டுதோறும் வெளியே வந்து உள்ளே போகின்றன. நம்மூர்த் தச்சரிடம் கழற்றும் பலகைப் பெட்டி செய்து வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் கீழே படம் போடுங்கள். எந்த மரத்தில் செய்தீர்கள், கரையான் வந்ததா என்பதையும் எழுதுங்கள்.